பதினோரு மணிப் பரிந்துரை

ஜூன் 8, வெள்ளி

இன்று காபி ஆறி மேலே ஆடை கட்டிய பிறகுதான் டம்ளரையே கவனித்தேன். அதற்குக் காரணம் 'பாதிக் கதவு' என்ற புது வலைப்பூ. புது என்றால் எனக்குப் புது. எழுதுகிறவர் ஒரு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறார். பெயர் நொய்யலான், புனைபெயர்தான். எங்கள் வலையுலகில் சொந்தப் பெயரில் எழுதுகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். என்னையே எடுத்துக்கொண்டால், கணபதி ஏரியாவில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியின் டிஸ்பாட்ச் செக்‌ஷனில் உட்கார்ந்திருக்கும் கோகிலவாணியை ஒருவருக்கும் தெரியாது. 'ரெண்டாவது டிகாக்‌ஷன்' என்ற என் வலைப்பூப் பெயரைச் சொன்னால் ஈரோடு, திருப்பூர் தாண்டி சிங்கப்பூர் வரைக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமைதான் என் வலைப்பூக் கடையில் கூட்டம். வாரம் முழுக்க பதினோரு மணி காபி இடைவேளையில் நானும் அக்கவுண்ட்ஸ் ரஹமத்தும் மற்றவர்களின் பதிவுகளைப் படிப்போம். அதில் மூன்றைப் பொறுக்கி, ஆளுக்கு இரண்டு வரி எழுதி, வெள்ளியன்று 'பதினோரு மணிப் பரிந்துரை' என்று போடுவேன். என் கடையில் பேர் வந்துவிட்டால் அன்றைக்கு அவர்கள் வீட்டில் கல்யாணக் கூட்டம்தான். பதிலுக்கு அவர்கள் வந்து என் பதிவில் பின்னூட்டம் போடுவார்கள். இதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மொய்.

நொய்யலான் மனைவியை இழந்தவர். இன்று படித்ததில் இரண்டு வரி: 'அவள் போன பிறகு சமையலறை விளக்கைப் போடக் கை வருவதில்லை. போட்டால் அவள் இல்லாதது தெரிந்துவிடும்.' ரஹமத் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்படி ஒரு மனுசன்கூட வாழ்ந்துட்டு செத்தாலும் பரவால்லக்கா" என்றாள்.

முதலிடம் கொடுத்துப் பரிந்துரைத்தேன். பின்னூட்டமும் போட்டேன்: 'உங்கள் துணைவியார் கொடுத்து வைத்தவர்.'

சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது என் வீட்டுக்காரர், இவர், வழக்கம்போலக் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். கூட்டுறவுச் சங்கக் கணக்காளர். வீட்டுக்கும் வேலை கொண்டுவருவார். காபி கொடுத்தேன். "சக்கரை எச்சா இருக்குது" என்றார். இன்றைக்கு எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

ஜூன் 9, சனி

நொய்யலான் பதில் எழுதியிருக்கிறார். 'நன்றி சகோதரி. உங்களைப் போன்றவர்களின் இரண்டு வார்த்தைதான் இந்த வீட்டில் எனக்குக் கேட்கும் குரல்.' வலையுலகில் பெண் என்றால் எல்லோருக்கும் சகோதரிதான். ஆனாலும் இதைப் படித்ததும் மனசுக்கு என்னவோ செய்தது.

ரேஷன் கடையில் பாமாயில் தீர்ந்துவிட்டது. தண்ணீர் பிடித்தேன். இட்லிக்கு மாவு ஆட்டினேன்.

ஜூன் 15, வெள்ளி

இந்த வாரம் பாதிக் கதவில் சிரித்துவிட்டேன். நொய்யலானின் மனைவி செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்குப் படிப்பாராம். 'நல்ல சேதி எல்லாம் பின்னாலதான் இருக்கும் என்பாள்' என்று எழுதியிருக்கிறார். அட, நானும் அப்படித்தான், காரணம்கூட அதேதான். பின்னூட்டத்தில் சொன்னேன். உடனே பதில்: 'அப்படியானால் உங்கள் கணவர் பாக்கியசாலி, சகோதரி.'

அந்தப் பாக்கியசாலி காலையில் என்ன சொன்னார் என்று கேட்டால் நொய்யலான் சிரிப்பார். "பேப்பரக் கலைச்சுப் போட்டுட்டுப் போயிர்ற. பக்கம் தேடறதே பொழப்பாப் போச்சு."

இவரிடம் என் வலைப்பூவைப் பற்றிச் சொன்னதில்லை. ஆரம்பத்தில் எழுதிய ஒன்றைப் பேப்பரில் அச்செடுத்துக் காட்டினேன். "இதையெல்லாம் யாரு படிப்பாங்க" என்று மடித்து ஃபேன் காற்றுக்குப் பறக்காமல் டம்ளருக்கு அடியில் வைத்தார். அதோடு விட்டுவிட்டேன். ஒருவர் படிக்காவிட்டால் ஊரே படிக்காதா என்ன.

ஜூன் 21, வியாழன்

கேஸ் வரவில்லை. பாதிக் கதவிலும் புதுப் பதிவு வரவில்லை.

ஜூன் 29, வெள்ளி

இன்று நான் எழுதிய பரிந்துரை இதுவரை எழுதியதிலேயே நல்லது. எழுத வைத்தது நொய்யலான். மனைவியின் கடைசி நாட்களைப் பற்றி எழுதியிருந்தார். ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து, நொய்யரிசிக் கஞ்சியை சின்ன ஸ்பூனில் எடுத்து, ஊதி ஊதி ஊட்டியிருக்கிறார். இரவெல்லாம் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருக்கிறார். மனைவி அசைந்தால் எழுந்துகொள்ள வசதியாகத் தன் கைவிரலையும் அவர் கைவிரலையும் ஒரு நூலால் கட்டிக்கொண்டாராம்.

"ஏங்க்கா, நெசமாவே ஒரு ஆம்பள இப்படிப் பாத்திருப்பாரா?" என்று ரஹமத் கேட்டாள்.

"ஏன், ஆம்பளைங்க பாக்கக் கூடாதா?"

"பாக்கலாம். நான் பாத்ததில்ல, அதான் கேட்டேன்."

போன வருடம் எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது பொள்ளாச்சியிலிருந்து மரகதம் அக்கா வந்து கூட இருந்தாள். இவருக்கு அப்போது ஆடிட். பாவம், ஆடிட் என்றால் நகர முடியாது. ஒரே ஒரு சாயங்காலம் வந்து கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அது போதாதா. பிள்ளைகள் இல்லாத வீட்டில் ஒருவராவது சம்பாதித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்தப் பதிவில் ஒரு வேடிக்கை. வார்டு மின்விசிறி முனகிக்கொண்டே சுற்றுமாம். அதற்கு அந்த அம்மா 'பெரியப்பா' என்று பெயர் வைத்தாராம். நானும் என் வார்டு ஃபேனுக்குப் பெரியப்பா என்றுதான் பெயர் வைத்தேன். எங்கள் பெரியப்பா உட்கார்ந்தாலும் முனகுவார், எழுந்தாலும் முனகுவார். அக்காவிடம் சொல்லிச் சிரித்து, தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸிடம் திட்டு வாங்கினேன். இவர் வந்த அன்றைக்கு இவரிடமும் சொன்னேன்.

எல்லோருக்கும் ஒரு பெரியப்பா இருப்பார். எல்லா ஆஸ்பத்திரியிலும் ஃபேன் முனகும்.

ஜூலை 2, திங்கள்

துணி காயவில்லை. சாரல். ஃபேனைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

ஜூலை 4, புதன்

சும்மா ஒரு பேச்சுக்கு இவரிடம் கேட்டேன். "ஆஸ்பத்திரி ஃபேனுக்கு நான் ஒரு பேரு வெச்சனே, நெனப்பிருக்குதுங்களா?"

"எந்த ஃபேன்?" என்றார். கண் கம்ப்யூட்டரை விட்டு வரவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. எதற்கு அப்பாடா என்று எழுத மாட்டேன்.

ஜூலை 6, வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் லாரி இரண்டு ஒரே நேரத்தில் வந்துவிட்டது. பதினோரு மணிக்குக் காபி ஃப்ளாஸ்க் வரும்போது பரிந்துரைக்கு ஒரு பதிவுகூடத் தேறவில்லை. பாதிக் கதவைத் திறந்தேன். புதுப் பதிவு, நாலே வரி, அதற்குக் கீழே ஒரு படம். எங்கள் ஆபீஸ் இன்டர்நெட்டில் எழுத்து முதலில் வரும், படம் ஆடி அசைந்து பின்னால் வரும். வரிகள் இவை: 'அவள் செருப்பை இன்னும் வாசலிலேயே வைத்திருக்கிறேன். எடுத்து உள்ளே வைக்க மனசில்லை. போகிறவர் வருகிறவர் பார்த்து, இந்த வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளட்டும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.'

போதாதா? படத்துக்குக் காத்திருக்காமல் பரிந்துரையை எழுதிப் போட்டுவிட்டேன். அவர் பதிவில் பின்னூட்டமும் போட்டேன். 'அந்தச் செருப்பைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது ஐயா.' பார்க்காமலே பார்த்தேன் என்று எழுதுவது எங்கள் பக்கத்தில் சகஜம். பாதி மொய் இப்படித்தான் விழுகிறது.

காபியைக் கையில் எடுக்கும்போது படம் மேலிருந்து கீழாக வரிவரியாக இறங்கியது. முதலில் சிமென்ட் படி. அப்புறம் கால்மிதி. அப்புறம் செருப்பு. காபிக்கொட்டை நிறம். இடது கால் வார் அறுந்து பச்சை நூலில் தைத்திருந்தது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் தைப்பவரிடம் அன்றைக்குப் பிரவுன் நூல் இல்லை. "பச்ச பரவால்லீங்களா?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன்.

ரஹமத் எட்டிப் படத்தைப் பார்த்தாள். பிறகு மேசைக்கு அடியில் என் காலைப் பார்த்தாள். நான் இரண்டு காலையும் நாற்காலிக்குக் கீழே இழுத்துக்கொண்டேன்.

"அக்கா" என்றாள்.

"காபி குடி" என்றேன்.

ஜூலை 7, சனி

ஆபீஸ் அரைநாள்தான். வேலை இருப்பதாகச் சொல்லி உட்கார்ந்து பாதிக் கதவை முதல் பதிவிலிருந்து படித்தேன்.

முதல் நாலு பதிவுகளில் நான் உயிரோடு இருக்கிறேன். ஒன்றில் உழவர் சந்தையில் கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசுகிறேன். பேரம் பேசிவிட்டுக் கேட்ட விலையையே கொடுத்துவிட்டு வருகிறேன். இன்னொன்றில் பாத்ரூமில் பாடுகிறேன். 'சுருதி சேராது. ஆனால் நிறுத்தினால் வீடு வெறிச்சென்று ஆகிவிடும்' என்று எழுதியிருக்கிறார். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். இதை என்னிடம் காட்டியிருந்தால் நானே பத்துப் பேர் பெயரில் வந்து மொய் எழுதியிருப்பேன். நாலு பதிவுக்கும் ஒரு பின்னூட்டம்கூட இல்லை.

ஐந்தாவது பதிவில் செத்துவிட்டேன். 'இன்று காலை அவள் போய்விட்டாள்' என்று ஆரம்பிக்கிறது. முதல் தடவையாகப் பின்னூட்டங்கள், இருபதுக்கு மேல். கண்ணீர், ஆறுதல், கவிதை, எல்லாம்.

தேதி போன வருடம் ஆகஸ்ட் மூன்று. காலைப் பத்தரை. ஆடிப் பதினெட்டு, நல்ல நாள் என்று மரகதம் அக்காதான் ஆபரேஷனுக்கு டாக்டரிடம் அந்த நாளைக் கேட்டு வாங்கினாள். ஒன்பது மணிக்கு என்னை உள்ளே கொண்டுபோனார்கள். பன்னிரண்டுக்கு வெளியே வந்தேன். நான் மயக்கத்தில் இருந்தபோது இவர் வீட்டில் உட்கார்ந்து என்னைச் சாகடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆடிட் இல்லை. இருந்திருந்தால் பத்தரை மணிக்கு வீட்டில் ஏன் இருக்கிறார்.

ஜூலை 8, ஞாயிறு

இவருக்கு ஆட்டுக்கால் சூப் வைத்தேன். குடித்தார். "நல்லாருக்குது" என்றார். வருடத்தில் ஒரு தடவை சொல்லுவார், அது இன்றைக்கு வந்து வாய்த்தது.

அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே ரசத்துக்குத் தாளித்தேன். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். இந்த ஊமைக்கு ஊரெல்லாம் ரசிகர்கள், அதில் முதல் ரசிகை நான். நானே கூட்டம் சேர்த்துக் கொடுத்து, நானே என் சாவுக்கு ஆறுதல் சொல்லி, நானே 'கொடுத்து வைத்தவர்' என்று என்னைப் பாராட்டியிருக்கிறேன். நினைத்தால் சிரிப்பு வருகிறது. வந்த சிரிப்பு நிற்காமல் போனால் என்ன செய்வது என்று பயமாகவும் இருக்கிறது.

ஜூலை 10, செவ்வாய்

அக்காவுக்குப் போன் செய்தேன்.

"ஏனக்கா, ஆஸ்பத்திரியில எனக்குக் கஞ்சி ஊட்டினது நீதான?"

"நானில்லாம உம்பட புருசனா ஊட்டுனாரு? ஏன் கண்ணு, என்ன திடீர்னு?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

"நூலுக் கட்டிட்டுப் படுத்திருந்தமே, அது நெனப்பிருக்குதா? நீ ஒரு இழு இழுத்ததுல என்ற வெரலு வீங்கிப் போச்சு."

நூலும் அவளுடையதுதான். மயக்க மருந்தின் கலக்கத்தில் எனக்கு அது மறந்தே போயிருந்தது. அந்த ஒரு சாயங்காலம் வந்தபோது அக்கா இவரிடம் காட்டியிருக்கிறாள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்திருக்கிறார்.

இப்போது தெளிவாக எழுதிவிடுகிறேன், பின்னால் என்னையே நான் ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்க. சாகடித்தது வலித்தது. ஆனால் என்னைக் கொதிக்க வைப்பது அது இல்லை. எனக்குச் செய்யாததையெல்லாம் செய்ததாக எழுதி, அதற்கு ஊரிடம் பேர் வாங்கியதுதான். என் கண்ணீரையும் சேர்த்து வாங்கியிருக்கிறார். நல்ல புருஷன் ஒருத்தர் இந்த வீட்டில் இருந்திருக்கிறார்; எனக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை.

ஜூலை 13, வெள்ளி

பரிந்துரையில் மூன்று சமையல் குறிப்புகள் போட்டேன். 'நொய்யலான் இந்த வாரம் இல்லையா அம்மா?' என்று திருப்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பதில் போடவில்லை.

ரஹமத் தன் வடையில் பாதியை என் தட்டில் வைத்தாள்.

ஜூலை 16, திங்கள்

ஈரோட்டில் வரும் ஞாயிறு பதிவர் சந்திப்பு. முன்னின்று நடத்துவது பொன்னுரங்கம் ஐயா. ஜவுளிக்கடைக்காரர், அவரும் எழுதுகிறவர். போன் செய்தார்.

"டிகாக்‌ஷன் அம்மா, நீங்க அவசியம் வரோணும். நம்ம நொய்யலானுக்குப் பொன்னாடை போத்தறோம். அவர ஊருக்கு அறிமுகப்படுத்துனதே நீங்கதான. அவரு வரமாட்டேன்னாரு, நாங்கதான் புடிச்ச புடியா நின்னு வரச் சொல்லியிருக்கறோம். துக்கத்துல இருக்கற மனுசன் நாலு பேரப் பாத்தா நல்லதுங்க."

"வர்றனுங்க" என்றேன்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது இவர், "ஞாத்திக்கெழம சேலத்துல ட்ரெய்னிங்" என்றார்.

"டிபன் கட்டோணுங்களா?"

"வேண்டாம். அங்கியே சோறு போடறாங்க."

ஜூலை 22, ஞாயிறு

இவர் ஏழு மணிக்குக் கிளம்பினார். கல்யாணத்துக்குக் கட்டுகிற வேட்டி. ட்ரெய்னிங்குக்கு வேட்டியா என்று நான் கேட்கவில்லை. அடுத்த ரயிலில் நான் போனேன்.

சின்னக் கல்யாண மண்டபம். வாசலில் சந்தனம், கற்கண்டு, நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு அட்டை. 'ரெண்டாவது டிகாக்‌ஷன்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் குத்திக்கொண்டேன். ரயிலில் ஒரு முடிவோடுதான் போனேன். நான் எதுவும் சொல்லப்போவதில்லை. என்னைப் பார்த்ததும் அவரே சொல்லிவிடுவார். இவள் என் மனைவி, உயிரோடுதான் இருக்கிறாள், தப்பு பண்ணிவிட்டேன் என்று சொன்னால் போதும். எல்லோர் முன்னாலும்கூட வேண்டாம், பொன்னுரங்கம் ஐயாவிடம் மட்டும் சொன்னால் போதும். ஏன், ஒன்றும் சொல்லாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால்கூடப் போதும். அதற்கு மேல் நான் பேச மாட்டேன், வீட்டுக்குப் போய்ச் சோறாக்குவேன். இப்படி விலையைக் குறைத்துக்கொண்டே ஈரோடு வரைக்கும் போனேன்.

பொன்னுரங்கம் ஐயா என்னைக் கையோடு மேடைப்பக்கம் அழைத்துப்போனார். "நொய்யலான் சார், இவங்கதான் நம்ம டிகாக்‌ஷன்."

இவர் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். நெஞ்சிலிருந்த அட்டையைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார். வேட்டி நுனியைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது. நான் காத்திருந்தேன். அவர் வாயைத் திறந்தபோது, சொல்லிவிடுவார் என்றுதான் நிஜமாகவே நினைத்தேன்.

இரண்டு கையையும் கூப்பினார்.

"வணக்கங்க சகோதரி. உங்க தயவுலதான் நாலு பேருக்கு என்னத் தெரிஞ்சுது."

இருபத்திரண்டு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்த மனிதர். "வணக்கங்க" என்றேன். வேறு என்ன சொல்வது.

பொன்னாடை போர்த்தினார்கள். திருப்பூர் அம்மா ஒருவர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உங்க வீட்டம்மா புண்ணியவதிங்க. மேல இருந்து உங்களப் பாத்துட்டுத்தான் இருப்பாங்க" என்றார். நான் மேலே இல்லை, மூன்றாவது வரிசையில் இருந்தேன். இவர் தலையைக் குனிந்துகொண்டார். பார்த்தவர்களுக்குத் துக்கம் மாதிரித்தான் தெரிந்திருக்கும்.

பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் இவர். சாம்பார் வாளியோடு வந்த பொன்னுரங்கம் ஐயா என்னிடம், "வீட்டுக்காரரக் கூட்டிட்டு வரலீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. அவருக்கு ஆடிட்" என்றேன்.

இவர் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. அப்புறம் சாப்பிட்டார்.

வீட்டுக்கு எனக்கு முன்னால் வந்துவிட்டார். நான் உள்ளே நுழையும்போது டி.வி. சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பொழுது இன்னும் இருட்டவில்லை.

"ட்ரெய்னிங் எப்படிங்க இருந்துது?"

"கோகிலா, அது நீதான்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

ரிமோட்டை எடுத்து டி.வி.யை அணைத்தார். "உன்னயக் கெட்டவளா ஒரு வரி எழுதியிருக்கறனா? எடுத்துப் பாரு. ஒரு வரி காட்டு" என்றார்.

இல்லை, அது உண்மைதான். இந்த வீட்டில் என் காதில் விழாத நல்ல வார்த்தையெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

"நான் செத்தது செத்ததாவே இருக்கட்டும். அக்கா ஊட்டுன கஞ்சிய நீங்க ஊட்டுனதா எதுக்குங்க எழுதுனீங்க?"

"அப்படிப் பண்ணியிருக்கோணும்னு தோணுச்சு."

"தோணுனப்ப ஆஸ்பத்திரி ஒரு பஸ் ஏறுற தூரத்துலதான இருந்துது."

"எனக்கு ஆஸ்பத்திரின்னா பயம். உனக்கு என்னமோ ஆயிருமோன்னு பயம். அன்னிக்குக் காலைல உக்காந்து அதயே எழுதுனேன். எழுதுனா போயிரும்னு நெனச்சேன். சாயங்காலம் பாத்தா அத்தன பேரு வந்து பேசியிருக்காங்க. முன்னால நீ உசுரோட இருக்கறப்ப எழுதுனத ஒரு நாயும் சீண்டல, கோகிலா."

இருபத்திரண்டு வருடத்தில் என்னோடு இவ்வளவு நீளமாக இவர் பேசியதில்லை. ஒரு நிமிடம் எனக்கு மனசு இளகியது. அதை மறைக்க மாட்டேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கலாம் என்று எழுந்தேன். பக்கத்தில் போய் உட்காரலாம் என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் கேட்டார். "வெள்ளிக்கெழமை இத உன்ற பதிவுல எழுதிருவியா?"

என் உடம்பைப் பற்றி, மண்டபத்தில் கைகூப்பியதைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்து நின்றவளிடம் அவர் கேட்ட கேள்வி அதுதான்.

"எழுத மாட்டேன்" என்றேன். அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

ஜூலை 23, திங்கள்

லீவு போட்டேன். துணி துவைத்தேன், என்னுடையதை மட்டும்.

ஜூலை 29, ஞாயிறு

காந்திபுரம் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் இடம் கிடைத்தது. ரஹமத் தன் அண்ணனின் ஆட்டோவைக் கொண்டுவந்தாள். பொள்ளாச்சிக்கு வந்துவிடு என்கிறாள் அக்கா. அங்கிருந்து தினம் எப்படி வேலைக்கு வருவது. கிளம்பும்போது இவரிடம் சொல்லிக்கொண்டேன். "நான் போறனுங்க. நீங்க எழுதுன மாதிரியே இருங்க." வாசல் வரைக்கும் வந்தார். போகாதே என்று சொல்ல வந்திருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் வண்டி துடைத்துக்கொண்டிருந்ததால் திரும்பி உள்ளே போய்விட்டார்.

அறையில் இன்னொரு பெண், ஐ.டி. கம்பெனி. நான் பாடினால் அவளுக்குத் தொந்தரவாக இருக்குமோ என்று பேசாமல் குளித்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 3, வெள்ளி

பரிந்துரை போடவில்லை. போன வாரமும் போடவில்லை. ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள். உண்மையை எழுதிவிடலாமா என்று இரண்டு தடவை கை போனது. எழுத மாட்டேன் என்று சொன்னதற்காக நிறுத்தவில்லை. அந்தத் திருப்பூர் அம்மாவை நினைத்தேன். நான் உயிரோடு இருக்கிறேன் என்று போய்ச் சொன்னால் அவருக்கு என் மேல்தான் கோபம் வரும்.

ஆகஸ்ட் 10, வெள்ளி

இன்று முதல் மறுபடியும் பரிந்துரை. வாரமெல்லாம் ரஹமத்தும் நானும் படித்து இரண்டு பதிவுகளைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தோம். மூன்றாவதற்கு இன்று காபி வந்த பிறகும் தேடிக்கொண்டிருந்தோம். ரஹமத் மானிட்டரைப் பாதி என் பக்கம் திருப்பினாள். "அக்கா, வேண்டாம்னா மூடிர்றேன்" என்றாள். பாதிக் கதவில் புதுப் பதிவு.

'அவள் போய்விட்டாள். சொல்லிக்கொண்டுதான் போனாள். நான் தடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிடுவார் என்று உள்ளே போய்விட்டேன். அவளுக்குக் கஞ்சி ஊட்டியது நானில்லை. ஊட்டியிருக்கலாம். இன்று சோற்றில் உப்புப் போட மறந்துவிட்டு, யாரிடம் குறை சொல்வது என்று தெரியாமல் அப்படியே சாப்பிட்டேன்.'

அவர் எழுதியதிலேயே நல்ல பதிவு இதுதான். ஒரு பொய் இல்லை. ரஹமத் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே பின்னூட்டங்கள் வழக்கம்போல. 'வழக்கம்போல அருமை ஐயா.' 'காலம்தான் மருந்து.' 'உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள், நீங்கள் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்று எங்களுக்குத் தெரியாதா?' அவர் எழுதியதை ஒருவரும் நம்பவில்லை. கடைசியாகத் திருப்பூர் அம்மா: 'உங்கள் மனைவி எங்கே இருந்தாலும் இதைப் படித்துக்கொண்டிருப்பார்.'

"மூணாவதா இதப் போடறீங்களாக்கா?" என்று ரஹமத் கேட்டாள்.

முதல் வரியிலிருந்து இன்னொரு தடவை படித்தேன். பரிந்துரையில் இரண்டே பதிவுகளைப் போட்டுவிட்டு லாரி வந்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.